சின்னப் படகு, ஒற்றைத் தூண்டில்: கடலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு மாணவர்)



நம் சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிற பாறையையும் விளைமீனையும் பார்த்திருப்பீர்கள். அதுக்கு மேல் நமக்கும் கடலுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் தொண்டிப் பக்கம் போய், லாரி டியூபிலோ தெர்மோகோலிலோ ஏறி உட்கார்ந்து கடலில் தூண்டில் போடுவது என்று ஹாஸ்டலில் நாலைந்து பேர் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கயாக் என்கிற குறுகிய துடுப்புப் படகில் தனியாகப் போய்ப் பெரிய பெரிய மீனாகப் பிடிக்கிற வீடியோவைப் பார்த்த வினை இது! போக வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எப்படிப் போவது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். மேட்டூர் அணைத் தண்ணீரில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் படிப்புக்கென்று ஊரைவிட்டு வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும், அவ்வளவுதான். என் ரூம்மேட் தொண்டிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்துப் பையன். போன வருஷம் லீவில் அவன் ஊருக்குப் போய்ப் பத்து நாள் தங்கினேன். அவனுடைய பெரியப்பா தன் வத்தையில் என்னைத் தினமும் ஏற்றிக்கொண்டு போனார். அவர் சொன்னதையும், அப்பா சொல்லித் தந்ததையும், நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றையேதான் பேசுகின்றன.

முதலில் படகைப் பற்றி. கயாக் என்பது வடதுருவப் பக்கத்து இனூயிட் மக்களுடையது. மரத்திலோ எலும்பிலோ கூடு கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துவிடுவார்கள். நம் பரிசலும் அதே வழிதான். மூங்கில் கூடு, மேலே அந்தக் காலத்தில் மாட்டுத்தோல், இன்றைக்குப் பிளாஸ்டிக் தாளும் தாரும். அங்கே நீளமாக, இங்கே வட்டமாக! ஆனால் இன்றைக்குக் கடலில் மீன்பிடிக்க அதிகம் விற்கிற கயாக் அந்த வகை இல்லை. அதன் மேலே உட்கார வேண்டும், உள்ளே இறங்கி உட்கார முடியாது. நாலாபுறமும் அடைத்த பிளாஸ்டிக் உடம்பு. தட்டில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அலை மேலே ஏறினால் தண்ணீர் அந்த ஓட்டை வழியாகவே கீழே இறங்கிவிடும். இது எந்த மாதிரி என்று தெரிகிறதா? நம் கட்டுமரம்தான் ஐயா! மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. மரமே தண்ணீரைவிட லேசு. 'உள்ளே' என்று ஒன்று இல்லாததால் தண்ணீர் நிரம்பி மூழ்க வழியில்லை. அலை மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கும். இங்கிலீஷில் இருக்கிற 'கேட்டமரன்' என்ற வார்த்தையே நம் கட்டுமரத்திலிருந்து போனது. வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு உடம்புள்ள வேறொரு படகுக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் மரக் கட்டுமரம் குறைந்து, பைபர் போட்டுகள் பெருகிவிட்டன. பாக் விரிகுடாப் பக்கம் வத்தை, வள்ளம் இன்னும் ஓடுகின்றன. அதற்கும் வசதியில்லாதவர்கள் தெர்மோகோல் அட்டைகளைக் கட்டி, சாக்கு சுற்றி, அதன்மேல் உட்கார்ந்து துடுப்புப் போட்டு நண்டு வலைக்கும் தூண்டிலுக்கும் போகிறார்கள். உண்மையில் நம் ஊர் 'கயாக் மீன்பிடி' இதுதான். ஆனால் தினமும் அதில் போகிறவருக்குக் கடல் தெரியும். நமக்குத் தெரியாது. தெர்மோகோல் ஓரம் உடைந்து உதிரும், உதிர்ந்தது கடலிலேயே கிடக்கும். லாரி டியூபோ கேட்கவே வேண்டாம், காற்றடித்தால் தண்ணீர் மேல் பந்து மாதிரி உருண்டு போகும். புதியவர்களுக்கு இரண்டும் வேண்டாம். ஊர்க்காரர் ஒருவரோடு வத்தையில் நாலு நாள் போங்கள். பிறகு தனியாகப் போக ஆசை இருந்தால், மேலே உட்காருகிற மாதிரி அடைத்த படகாகப் பாருங்கள்.

பாக் விரிகுடாவைச் சொல்கிறேனே, ஏன்? வங்காள விரிகுடாவின் பெரிய அலையை இலங்கை மறைத்துக்கொள்கிறது. தெற்கே ராமேஸ்வரம் தீவும் மணல் திட்டுகளும் வேலி மாதிரி நிற்கின்றன. ஆழமும் குறைவு, பெரும்பாலும் 10, 12 மீட்டருக்குள்தான். கரையோரம் சேறும் மணலும், அதற்கப்பால் கடல் புல் மேடைகள். ராமேஸ்வரத்துப் பக்கம் இந்த வடகடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் என்றதும் சாது என்று நினைத்துவிடாதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியையே துடைத்துப் போட்ட புயலையும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவையும் பார்த்த கடல் இது. ஆழம் குறைந்த கடலுக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்று எழுந்தால் அலை நீளமாக உருளாது. குட்டை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக வந்து அடிக்கும். சின்னப் படகுக்கு அதுதான் தொல்லை.

இனி காற்று. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மழைக்காலத்தில், அக்டோபர் முதல் ஜனவரி வரை, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். பாக் விரிகுடா கலங்கிக் கிடக்கும். நம் நவம்பர், டிசம்பர் லீவு அப்போதுதான் வருகிறது. அந்த லீவைக் கடலுக்கென்று வைத்துக்கொள்ள வேண்டாம். மே கடைசியிலிருந்து கச்சான் காற்று. அது மேற்கிலிருந்து வரும். தொண்டிக் கரை கிழக்கே பார்த்த கரை. அப்படியென்றால் கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். காரணம், கரையோரத்தில் காற்று தண்ணீர் மேல் ஓடி அலை எழுப்புவதற்குத் தூரமே இல்லை. ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் அலை வளர்ந்திருக்கும். அதற்குள் நீங்கள் ஒரு கிலோமீட்டர் போயிருப்பீர்கள்! "கரையில சும்மா கெடக்குற கடலப் பாத்து ஏமாறக் கூடாது தம்பி. கச்சான் கூட்டிக்கிட்டுப் போவும், கொண்டாந்து விடாது" என்று பெரியப்பா சொன்னார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய ஆள் துடுப்புப் போட்டால் மணிக்கு 5 கி.மீ. போவதாக வைத்துக்கொள்வோம். காற்று படகை மணிக்கு 2 கி.மீ. தள்ளுகிறது. போகும்போது 7 கி.மீ. வேகம், அரை மணியில் மூன்றரை கிலோமீட்டர். ஆகா, என்ன வேகம் என்று சந்தோஷமாக இருக்கும். திரும்பும்போது 5 கழித்தல் 2, அதாவது 3. அதே தூரத்துக்கு 70 நிமிஷம். கை சோர்ந்து 5 என்பது 4 ஆகிவிட்டால் நிகரமாக 2தான் மிச்சம். ஒண்ணே முக்கால் மணி நேரம் நிறுத்தாமல் துடுப்புப் போட வேண்டும். நடுவில் தண்ணீர் குடிக்க ஐந்து நிமிஷம் நிறுத்தினால், அந்த ஐந்து நிமிஷமும் படகு பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும்.

எங்கள் அணையிலும் இதே கதைதான். ஆடிக்காற்றில் மேட்டூர் நீர்த்தேக்கம் கடல் மாதிரி எழும்பும். என் சொந்தப் பெரியப்பா ஒருவர் அப்படித்தான் போனார். பரிசல் மறுநாள் கிடைத்தது, அவர் மூன்றாம் நாள். அவருக்கு நன்றாக நீச்சல் தெரியும். அதனால்தான் பரிசலை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தினார் என்று அப்பா சொல்வார். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நல்ல காலம் எது? பொங்கல் கழிந்து வாடை அடங்கிய பிறகு, பிப்ரவரி, மார்ச். அப்போது ஒரு தினசரிக் கணக்கு நடக்கும். ராத்திரியில் நிலம் சீக்கிரம் குளிரும், கடல் குளிராது. அதனால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய கரைக்காற்று வீசும். வெயில் ஏறினால் நிலம் சூடாகி, முற்பகலுக்கு மேல் கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்பும். பாய் கட்டிப் போன காலத்தில் பெரியவர்கள் விடியலில் ஒன்றைப் பிடித்துப் போய், மற்றொன்றைப் பிடித்து வீடு வந்தார்கள். டீசல் செலவு இல்லை! நாமும் அதையே செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனை. கரைக்காற்று மெலிதாக இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கும் ஓயாமல் பலமாகிக்கொண்டே போனால் தூண்டிலைச் சுருட்டிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். முதல் பத்துத் தடவை கரையிலிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். பாக் விரிகுடாவில் அந்தத் தூரத்திலேயே மீன் உண்டு.

கிளம்பும் முன்பு வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் தருகிற கடல் நிலை அறிவிப்பையும் போனிலேயே பார்த்துவிடலாம். காற்று மணிக்கு 20 கி.மீ.க்கு மேல் என்று இருந்தால் அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து டீ குடியுங்கள். அறிவிப்பு என்ன சொன்னாலும், ஊர்க்காரர்கள் படகை இறக்கவில்லை என்றால் நீங்களும் இறக்கக் கூடாது.

அடுத்தது நம் பாடம். படகு ஏன் கவிழ்கிறது? மெட்டாசென்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள், ஒரு கணக்குத்தான். ஆள் 60 கிலோ, படகு 30, சாமான் 15, ஆகமொத்தம் 105 கிலோ. கடல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ. படகை 3 மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள பெட்டி என்று வைத்துக்கொண்டால் சுமார் 5.7 செ.மீ. தண்ணீரில் அமிழும். மிதப்பு மையம் அதில் பாதி உயரம், 2.8 செ.மீ. அதற்கு மேல் மெட்டாசென்டர் எவ்வளவு உயரத்தில்? அகலத்தின் வர்க்கத்தை, அமிழ்ந்த ஆழத்தின் 12 மடங்கால் வகுக்க வேண்டும். சுமார் 53 செ.மீ. வரும். ஆக, படகின் அடியிலிருந்து ஏறக்குறைய 55 செ.மீ. உயரத்தில் மெட்டாசென்டர்.

காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் ஆள், படகு, சாமான் எல்லாம் சேர்ந்த ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 27 செ.மீ.யில் இருக்கும். மெட்டாசென்டருக்குக் கீழே, நல்லது. எழுந்து நின்றால்? அது 67 செ.மீ.க்கு ஏறிவிடும். மெட்டாசென்டரைத் தாண்டிவிட்டது. அலையே வேண்டாம், படகு உங்களைத் தானாகவே கொட்டிவிடும். இப்போது அகலத்தை மட்டும் 75 செ.மீ. ஆக்குங்கள். மெட்டாசென்டர் 105 செ.மீ.க்குப் போகிறது. நின்றால்கூட 38 செ.மீ. மிச்சம். 15 செ.மீ. அகலம் எவ்வளவு செய்கிறது பாருங்கள்! உண்மைப் படகு இரு முனையும் கூம்பியிருப்பதால் இந்த அளவு கிடைக்காது, குறைத்துத்தான் எண்ண வேண்டும். அதனால் படகு வாங்கும்போது, வாடகைக்கு எடுக்கும்போது, நீளத்தைப் பார்த்து மயங்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள். எதுவானாலும் நிற்காதீர்கள். பெரிய மீன் மாட்டினால் எல்லோருக்கும் எழுந்து நிற்கத்தான் தோன்றும்.

"பரிசல்ல குந்திக்கிட்டே இரு, எந்திரிச்சா ஆத்தா கோவிச்சுக்குவா" என்று சின்ன வயதில் அப்பா சொல்வார். காவிரி ஆத்தாளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது ஈர்ப்பு மையத்தை என்று நாலாம் செமஸ்டரில்தான் தெரிந்தது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது? லைஃப் ஜாக்கெட்டைப் போட்டிருக்க வேண்டும். படகில் வைத்திருப்பது போதாது, உடம்பில் இருக்க வேண்டும், கொக்கிகள் மாட்டியிருக்க வேண்டும். விழுந்தபின் தண்ணீரில் அதை மாட்டிப் பாருங்கள், தெரியும். துடுப்பைக் கயிற்றால் படகோடு கட்டுங்கள். படகை விட்டு நீந்தாதீர்கள், இதைத்தான் முன்னால் சொல்ல வந்தேன். படகு மிதக்கும், தேடி வருகிறவர்கள் கண்ணுக்குப் படகு தெரியும், தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரியாது. கவிழ்ந்த படகை நிமிர்த்திவிட்டு, பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, காலை உதைத்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மிதக்கவிடுங்கள். பிறகு ஒரே இழுப்பில் நெஞ்சைப் படகின் குறுக்கே போட்டு, மெதுவாகத் திரும்பி உட்காருங்கள். நேராக நின்ற வாக்கில் ஏறப் பார்த்தால் படகு மறுபடி உங்கள் மேலேயே கவிழும். இதை முதலில் இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, பத்துத் தடவை பழக வேண்டும். பழகாமல் தூண்டிலைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. நான் மூன்றாவது நாளில்தான் சரியாக ஏறினேன், அதுவரை ஊர்ச் சின்னப் பசங்களுக்கு நல்ல வேடிக்கை!

விசில் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். போனைத் தண்ணீர் புகாத பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல்படை எண் 1554, இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். குடிதண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது. எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடலோரக் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை எல்லாம் கண்டிப்பாகிவிட்டன. முன்பின் தெரியாத நாலு பையன்கள் கடலில் மிதந்தால் விசாரிக்கத்தான் செய்வார்கள்.

சாமான் விஷயம் சுருக்கம். விலை உயர்ந்த ராடும் ரீலும் தேவையில்லை. கையால் விடுகிற தங்கூசி, நாலைந்து தூண்டில் முள், ஈயக்குண்டு, ஒரு கத்தி போதும். இரை இறால் துண்டு அல்லது கணவாய்த் துண்டு. சின்ன நங்கூரம் வேண்டும். அதன் கயிறு, தண்ணீர் ஆழத்தைப்போல ஐந்து மடங்கு நீளமாவது இருக்கட்டும். கயிறு குட்டையானால் நங்கூரத்தை மேலே தூக்கி இழுக்கும், அது தரையைப் பிடிக்காது. நீளமானால் தரையோடு தரையாகக் கிடைமட்டமாக இழுபட்டு நன்றாகப் பிடிக்கும். நங்கூரத்தைப் படகின் முனையில் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் அலை உங்களைப் புரட்டிவிடும்.

தங்கூசியைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. பெரிய சீலா ஒன்று இழுத்தால் விரலையே அறுத்துவிடும். விரல் நுனியில் வைத்துக்கொண்டால்தான் மீன் தொடுவதும் தெரியும். கடல் புல் பக்கம் ஓரா, மணல் தரையில் கிழங்கான், பார் ஓரம் விளைமீனும் பாறையும். கரையோரம் துள்ளித் திரிகிற மடவை தூண்டிலில் அவ்வளவு சுலபமாக மாட்டாது. அது வலை மீன், நேரத்தை வீணாக்காதீர்கள். ஆழத்தை அங்கே பாகம் என்று சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பெரியப்பா ஈயம் தரையைத் தொடுகிற அதிர்விலேயே கீழே சேறா, மணலா, பாரா என்று சொல்லிவிடுவார். எனக்குப் பத்து நாளில் சேறும் பாரும் பிடிபட்டன, மணல் பிடிபடவில்லை.

கையில் ஏறுகிறதெல்லாம் நல்ல மீன் இல்லை. ஓராவின் முதுகு முள், கெளுத்தி முள், திருக்கை வால் முள் எல்லாம் விஷம். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்தால் வலி அடங்கும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், முள் உள்ளேயே ஒடிந்திருக்கலாம். வயிற்றை உப்பிக் காட்டுகிற பேத்தையைச் சமைக்கவே கூடாது. அதன் விஷம் கொதித்தாலும் போகாது. சொறி என்கிற ஜெல்லி மீனையும் தொட வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது, இப்போது 61 நாள். துடுப்புப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. கடல் குதிரை, கடல் அட்டை, ஆமை, கடல் பசு ஆகியவற்றைப் பிடிப்பது குற்றம். 'விளையாட்டாகப் பிடித்தோம்' என்றாலும் ஜெயில்தான். பாக் விரிகுடாவின் கடல் புல் மேய வருகிற கடல் பசுவுக்காகவே 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கி.மீ. கடலைக் காப்பகமாக அறிவித்தார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் அங்கே இறங்க முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை எல்லை மிகக் கிட்ட இருக்கிறது. அந்தப் பக்கம் சின்னப் படகை இறக்கும் நினைப்பே வேண்டாம்.

இன்னொன்று, மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தண்ணீர் ஒருவருடைய வயல். நாம் பொழுதுபோக்குக்குப் போகிற இடத்தில் அவர்கள் அன்றாடச் சோறு தேடுகிறார்கள். நண்டு வலையின் மிதப்பு தெரிந்தால் சுற்றிப் போங்கள், தூண்டிலை அதில் மாட்டவிடாதீர்கள். வயிற்றில் சினை ஒட்டியிருக்கிற நண்டு கிடைத்தால் திரும்ப விட்டுவிடுங்கள். பிடித்ததை அவர்கள் ஏலம் போடுகிற இடத்திலேயே கொண்டுபோய் விற்றுக் காசு பார்க்கலாம் என்று நம் கூட்டத்தில் ஒருவன் சொன்னான். அது எனக்குப் பிடிக்கவில்லை, தின்கிற அளவுக்குப் பிடித்தால் போதாதா?

போக வேண்டிய வழி: சேலத்திலிருந்து திருச்சி, அங்கிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாகத் தொண்டி. ராத்திரி கிளம்பினால் பகலில் போய்ச் சேரலாம். திரும்பி வந்ததும் முள், கத்தி, நங்கூரம், ஜாக்கெட்டின் கொக்கிகள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசிக் காய வையுங்கள். உப்பு ஏறிய இரும்பு ஒரே வாரத்தில் துருப்பிடித்துவிடும். துருப்பிடித்த முள்ளை ஹாஸ்டல் ஜன்னலில் செருகி வைக்காதீர்கள், போன வருஷம் அது என் ரூம்மேட் கையைக் கிழித்துவிட்டது.